பூர்ணிமாவுக்கு வைத்த பெயர்

சசிகலா டீச்சரின் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்காத நாளே கிடையாது. ஒரகடத்திலிருந்து வல்லம் வடகாலுக்குப் போகும் வழியில், கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே ஒதுங்கியிருக்கும் அந்த அரசு உயர்நிலைப் பள்ளியில், கணக்குப் பாடத்துக்குப் பிள்ளைகள் முந்திக்கொண்டு வந்து உட்காருகிறார்கள் என்றால் அதற்கு அவர்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார். நாற்பத்தாறு வயது வரைக்கும் அந்த நம்பிக்கையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அவர் இந்தப் பக்கத்துப் பெண்தான். அப்பா கன்னியப்பன் அதிர்ந்து பேசாதவர். அம்மா ராஜம்மா அதற்கு நேர்மாறு. தெருவில் ஒருவருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் நிலைத்ததில்லை, ராஜம்மா வைத்த பெயர்தான். மூக்கால் பேசுகிறவர், காலை இழுத்து நடக்கிறவர், பல் நீண்டவள் என்று எல்லாருக்கும் ஒரு பெயர் உண்டு. குழாயடியில் ராஜம்மா வாயைத் திறந்தால் குடங்கள் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் பெண்கள் சிரிப்பார்கள். அந்த வாய் அப்படியே மகளுக்கு வந்திருக்கிறது என்று உறவில் சொல்வார்கள். சசிகலாவுக்கு அதில் பெருமைதான்.

காஞ்சிபுரத்தில் பி.எஸ்சி., பி.எட். முடித்து, ஆறு வருஷம் ஒரு மெட்ரிக் பள்ளியில் இருந்துவிட்டு, தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தார். செய்யாறு பக்கம் முதல் போஸ்டிங். பிறகு கவுன்சிலிங்கில் சொந்த ஊர்ப் பக்கமே இடம் கிடைத்தது. கணவர் வெங்கடேசனுக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகன் சென்னையில் படிக்கிறான். குறை என்று சொல்ல ஒன்றுமில்லை.

இந்தப் பள்ளிக்கு வந்த முதல் வாரத்தில்தான் அவருக்குத் தன் வாயின் அருமை தெரிந்தது. ஆறாம் வகுப்பில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட் என்று போகிற வீடுகள். பாதிப் பேர் சோறு பொங்கி வைத்துவிட்டு வருகிறவர்கள். பதினோரு மணிக்கெல்லாம் பெஞ்சில் தலை சாய்ந்துவிடும். ஒரு நாள், தூங்கி வழிந்த ஒரு குள்ளப் பையனைப் பார்த்து, "இன்னாடா ஹேமந்த், தசமப் புள்ளி மாதிரி கீழயே கிடக்கிறே? எங்க வெச்சாங்களோ அங்கயே இருப்பியா?" என்றார். வகுப்பே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஹேமந்த் 'புள்ளி' ஆனான். ஒட்டடைக்குச்சியாக வளர்ந்திருந்த சஞ்சய் 'ஸ்கேல்' ஆனான். ஓயாமல் பேசும் சுவாதி 'ரேடியோ'. டீச்சர் வாயால் ஒரு பெயர் வாங்குவது அந்த வகுப்பில் ஒரு மரியாதை போல ஆகிவிட்டது. பெயர் கிடைக்காதவர்கள், "டீச்சர், எனக்கு?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்கு வந்த ஜூன் மாதம்தான் பூர்ணிமா அவர்களோடு வந்து சேர்ந்தாள்.

வாலாஜாபாத்திலிருந்து வந்த பெண். அம்மா மரகதத்துக்கு வல்லத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்திருந்தது. அப்பா இல்லை. நல்ல கறுப்பு. புதுச் சீருடை தோளில் நிற்காமல் வழிய, கதவோரமாக நின்றாள்.

"பேர் இன்னாம்மா?"

"பூர்ணிமா டீச்சர்."

"பௌர்ணமியா? கரண்ட்டு போன அமாவாசையாட்டம் வந்து நிக்கிறே!"

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதுதான் முக்கியம். அவளும் சிரித்தாள் என்பதைச் சசிகலா பிற்பாடு எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். புது ஊரில், புதுப் பள்ளியில், நாற்பத்தெட்டுப் பேர் சிரிக்கும்போது பன்னிரண்டு வயதுப் பெண் வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

பெயர் ஒட்டிக்கொண்டது. "அமாவாசை, அந்த டஸ்டரை எடு." "அமாவாசை, போர்டுக்கு வா." அவரே ஒன்றரை வருஷம் அப்படித்தான் கூப்பிட்டார். அவள் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்தாள். கணக்கையும் சரியாகத்தான் போட்டாள்.

மாதத்தில் ஒரு நாள் அவள் பள்ளிக்கு வருவதில்லை என்பது மட்டும் அவர் கண்ணில் பட்டிருந்தது. வயசுக்கு வந்த பெண், வயிற்று வலியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பூர்ணிமா எட்டாம் வகுப்பில் இருக்கும்போது, தீபாவளி முடிந்து பள்ளி திறந்த சமயம், தலைமையாசிரியர் திருநாவுக்கரசு காஞ்சிபுரத்தில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தார். பிள்ளைகள் ஒருவரையொருவர் துன்புறுத்துவதைக் குறைப்பது பற்றிய பயிற்சி. வழக்கமாக இப்படிப் பயிற்சி முடிந்து வருகிறவர்கள் ஃபைலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். திருநாவுக்கரசு அப்படிச் செய்யவில்லை. ஆசிரியர்கள் எல்லாரையும் உட்காரவைத்தார். வாட்ச்மேனையும், சத்துணவு சமைக்கும் அம்மாவையும்கூடக் கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

"ஒரு பையனைக் கூப்பிட்டு ரெண்டு தட்டு தட்டினா தீர்ற விஷயம் இல்லை இது. நாம, கேட்ல நிக்கிறவரு, சோறு போடுறவங்க, ஆட்டோக்காரரு, பெத்தவங்க, பெரிய கிளாஸ் பசங்க, அத்தனை பேரும் ஒரே மாதிரி நடந்துக்கணும். ஒருத்தர் கண்டிச்சு இன்னொருத்தர் சிரிச்சா ஒண்ணும் நடக்காது" என்றார்.

மற்றவர்களைவிட அதிகமாகத் தலையாட்டியது சசிகலாதான்.

"பசங்களுக்கு உங்க மேலதான் ஒட்டுதல் ஜாஸ்தி. நீங்களே பொறுப்பு எடுத்துக்குங்க மேடம்" என்றார் திருநாவுக்கரசு. சசிகலாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, யாரும் யாரையும் புண்படுத்தக்கூடாது என்று பத்து நிமிஷம் பேசினார். நடுவில் இரண்டு தமாஷும் சொன்னார்.

ஆளுக்கொரு சீட்டு கொடுக்கப்பட்டது. பெயர் எழுத வேண்டாம். இந்தப் பள்ளியில் உனக்குப் பயமாக இருக்கிற இடம் எது, உன்னையோ உனக்குத் தெரிந்த ஒருவரையோ வருத்தப்பட வைக்கிற விஷயம் எது, அதை மட்டும் எழுதினால் போதும். அட்டைப்பெட்டியில் துளை போட்டு வராந்தாவில் வைத்தார்கள்.

பெட்டி நிரம்பியதும், பள்ளி விட்டபிறகு அறிவியல் ஆய்வகத்தில் சசிகலாவும் எழிலரசியும் உட்கார்ந்தார்கள். எழிலரசி வேலைக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஒன்பதுக்கும் பத்துக்கும் அறிவியல் எடுக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். சீட்டுகளை மேஜையில் கொட்டிப் பரப்பியவள் அவள்தான்.

எதிர்பார்த்ததும் இருந்தது, எதிர்பாராததும் இருந்தது. கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, யாராவது வெளியே நின்று கதவைத் தள்ளுகிறார்கள். குழாயடியில் பத்தாம் வகுப்பு அண்ணன்கள் தண்ணீர் பிடிக்க விடுவதில்லை. பீகாரிலிருந்து வந்த ஒரு பையன், தன்னை எல்லாரும் 'இந்தி, இந்தி' என்று கூப்பிடுவதாகத் தப்புத் தப்பான தமிழில் எழுதியிருந்தான். சசிகலா உச்சுக் கொட்டிக்கொண்டே படித்தார். பிறகு ஒரு சீட்டு வந்தது. அமாவாசை என்று கூப்பிடுகிறார்கள். அடுத்ததிலும் அமாவாசை. அதற்கு அடுத்ததில் எலுமிச்சம்பழம். ஊதா மையில் எழுதிய ஒரு சீட்டு கைக்கு வந்தது.

'எட்டாம் வகுப்பில் ஒரு பொண்ணை அமாவாசைன்னு கூப்பிடுறாங்க. அமாவாசை அன்னிக்கு கடையில திருஷ்டி கழிச்சு ரோட்டுல போட்ட எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து அவ பெஞ்சில வைக்கிறாங்க. மொத தடவை குங்குமம் டிரஸ்ல ஆயிடுச்சு. பேர் வெச்சது சசிகலா டீச்சர். அவங்களும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. அதனால யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல.'

எழிலரசி நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். சசிகலா அந்தச் சீட்டை நான்காக மடித்தார். கைப்பையைத் திறந்தார். கர்ச்சீப் எடுப்பது போல உள்ளே வைத்துவிட்டு, கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருபத்தேழு சீட்டுல வருது மேடம், இந்த அமாவாசை. யாரு அது?" என்று கேட்டாள் எழிலரசி.

"தெரியலையே. எட்டாங்கிளாஸ்ல யாரையோ சொல்றாங்க போல. நான் விசாரிக்கிறேன்."

விசாரிக்கவும் செய்தார். அதுதான் கேவலம். மறுநாள் எட்டாம் வகுப்புக்குப் போய், "எலுமிச்சம்பழம் வைக்கிறது யாரு? நீங்களா சொல்லிட்டா நல்லது" என்று கடுமையான முகத்தோடு கேட்டார். பெயர் யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. மூன்றாவது பெஞ்சில் பூர்ணிமா மேஜையைப் பார்த்தபடி இருந்தாள். கடைசியில் சஞ்சய் எழுந்து நின்றான்.

அவனுடைய அப்பா சுப்பராயன் வரவழைக்கப்பட்டார். நைட் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து நேரே பள்ளிக்கு வந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டைகூடக் கழற்றவில்லை. கண்கள் சிவந்திருந்தன. ஆசிரியர் அறை வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, நடந்ததைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என் பையன் பண்ணது ரொம்பத் தப்பு டீச்சர். ஒரு பொம்பளப் புள்ளையைப் போய் அப்பிடிப் பண்ணிகிறான். நான் வூட்ல இருக்கிற நேரம் தூங்கிட்றேன், அவன் இன்னா பண்றான், ஏது பண்றான்னு பாக்கிறதில்ல. நீங்க மன்னிக்கணும்."

கும்பிட்ட கையை அவர் இறக்கவில்லை. சசிகலா, "பரவாயில்லீங்க, இனிமே பாத்துக்குங்க" என்றார். அப்படித்தான் சொன்னார். அப்பாவின் பக்கத்தில் நின்ற சஞ்சய் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தான். நீங்கள் வைத்த பெயர்தானே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சொல்லவில்லை. டீச்சரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தானோ, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைத்தானோ, வாயை மூடிக்கொண்டு அப்பா பின்னால் போய்விட்டான்.

அன்று மதியம் சசிகலா பாதிச் சாப்பாட்டிலேயே கை கழுவிவிட்டார்.

டப்பாவை மூடி வைத்துவிட்டு எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுத்தார். ஏன் எடுத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பூர்ணிமாவின் பெயருக்கு நேரே விரலை நகர்த்திக்கொண்டு போனார். ஜூனில் ஒன்று. ஜூலையில் ஒன்று. ஆகஸ்டில் ஒன்று. செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஒன்றுமில்லை. நவம்பரில் ஒன்று. மாதம் ஒரு நாள் என்றால் ஏன் இரண்டு மாதம் இல்லை? கணக்கு டீச்சர் அல்லவா, மனசு தானாகவே ஒழுங்கைத் தேடியது. நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து போய்க் காலண்டரின் அட்டையில் ஒட்டியிருந்த விசேஷ நாள் பட்டியலைப் பார்த்தார். ஆனி அமாவாசை, ஆடி அமாவாசை, ஆவணி அமாவாசை. மூன்று நாளும் அவள் வரவில்லை. புரட்டாசி அமாவாசை ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசியில் தீபாவளி விடுமுறை. கார்த்திகை அமாவாசைக்கு வரவில்லை. பழைய பதிவேட்டையும் போன வருஷத்துக் காலண்டர் அட்டையையும் இறக்கிப் பார்த்தார். போன வருஷம் ஆனி அமாவாசைக்கு மட்டும் வந்திருந்தாள். அன்றைக்குத்தான் முதல் எலுமிச்சம்பழம் போலும். அதற்குப் பிறகு பள்ளி இருந்த எந்த அமாவாசைக்கும் அவள் வந்தது கிடையாது. மொத்தம் ஏழு நாள்.

வயிற்று வலி என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்ற நினைப்பில் அவருக்கு உடம்பு கூசியது. வகுப்பாசிரியர் என்ற முறையில் பதிவேட்டில் அந்த ஏழு இடத்திலும் ஆப்சென்ட் போட்டது அவர் கைதான்.

சாயங்காலம் நேரே பூர்ணிமாவின் வீட்டுக்குப் போனார். வல்லத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறைகளில் ஒன்று. மரகதம் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, நீல நிறக் கம்பெனிச் சட்டையோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் பதறி எழுந்து, இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"இன்னா டீச்சர், வூடு தேடி வந்துகிறீங்க! குந்துங்க, குந்துங்க. உங்களைப் பத்திதான் சொல்லிக்கினே இருப்பா. கணக்கு டீச்சர்னா ஒரே சிரிப்பும்மான்னு. இவ படிக்கிறதே உங்களாலதான்."

டீ போட்டுக் கொடுத்தாள். எவர்சில்வர் டம்ளர் கையைச் சுட்டது. சசிகலா அதைக் கீழே வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர், நீங்க படிச்சவங்க. இந்தப் பொண்ணுக்கு அமாவாசை வந்தாலே இன்னமோ ஆயிடுது. அவங்க அப்பாவுக்குப் படையல் வைக்கிற நாளு, வந்து கும்பிடுடின்னா மாட்டேங்கறா. போர்வையை இழுத்துப் போத்திக்கினு வயித்து வலின்னு படுத்துக்கறா. இஸ்கோலுக்கும் போவறதில்ல. காத்துக் கருப்பு ஏதாச்சும் அண்டிகீதான்னு மந்திரிச்சிக்கூடப் பாத்துட்டேன். நீங்க கொஞ்சம் கேளுங்களேன்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் சசிகலா வந்திருந்தார். வரும் வழியெல்லாம் வார்த்தையைக் கோத்துக்கொண்டுதான் வந்தார். "மரகதம், அது வந்து..." என்று ஆரம்பித்தார். அப்போது வாசலில் பூர்ணிமா வந்து நின்றாள். கையில் கடையிலிருந்து வாங்கிவந்த பால் பாக்கெட். டீச்சரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவசரமாக,

"வயித்து வலிதான் டீச்சர். வேற ஒண்ணுமில்ல. இனிமே லீவ் போட மாட்டேன்" என்றாள்.

அவள் முகத்தில் இருந்தது பயம். வீட்டிலும் அந்தப் பெயர் நுழைந்துவிடுமோ என்ற பயம். சசிகலாவுக்கு அது புரிந்தது. புரிந்தும், அந்த வார்த்தை தனக்குத் திறந்துவிட்ட வழியாகத்தான் பட்டது. "சரிம்மா. உடம்பைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். டீயைக் குடித்து முடித்து, நல்லா இருந்தது என்றும் சொல்லிவிட்டு வந்தார். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. ஒரு குழந்தை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்க்குள், நாற்பத்தாறு வயது மனுஷி போய் ஒளிந்துகொண்டு வந்திருக்கிறாள்.

வீட்டில் வெங்கடேசன் செகண்ட் ஷிப்ட்டுக்குப் போய்விட்டிருந்தார். மறுநாள் காலை அவரிடம்தான் முதலில் சொன்னார். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "எங்க லைன்ல ஒரு சூப்பர்வைசர் என்னை மூணு வருஷம் 'பெருசு'ன்னுதான் கூப்பிட்டான். உன்கிட்ட சொல்லலை. சொல்றதுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு காய் வாங்கப் போய்விட்டார்.

சசிகலா அன்று பள்ளி மணி அடிக்கும் முன்பே திருநாவுக்கரசின் அறைக்குப் போய், கைப்பையில் இருந்த சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அவர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"இது யார் கண்லயும் படலையே?"

"இல்ல சார்."

"அப்போ இருக்கட்டும். பேர் வைக்கிறது எல்லாரும் பண்றதுதான். நீங்க என்ன, வேணும்னா பண்ணீங்க? இனிமே கூப்பிடாம இருந்தாப் போதும்."

அந்த இடத்தில் சரி என்று சொல்லியிருக்கலாம். முந்தின நாளாக இருந்திருந்தால் சொல்லியிருப்பார். "என் முன்னாடி அந்த மனுஷன் கும்பிட்டுக்கினு நின்னாரு சார்" என்று மட்டும் சொன்னார். திருநாவுக்கரசு நெடுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "சாயங்காலம் ஸ்டாஃப் மீட்டிங் வெச்சுக்கலாம்" என்றார்.

கூட்டத்தில் சசிகலா அந்தச் சீட்டை எழுத்து விடாமல் வாசித்தார். இதை இத்தனை நாள் பைக்குள் வைத்திருந்தேன் என்பதையும் சொன்னார். விளையாட்டு ஆசிரியர் மாரிமுத்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்படிப் பாத்தா நானும்தான் மேடம். அந்த பீகார் பையனை 'டேய் இந்தி'ன்னு மொதல்ல கூப்பிட்டது நான்தான்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சத்துணவு சமைக்கும் அம்மா, "எல்லாரும் கூப்பிடறாங்களேன்னு நானும் அந்தப் பொண்ணை அப்பிடித்தான் கூப்ட்டுச் சோறு போட்டேன். அதான் அவ பேருன்னு நினைச்சுக்கினேன்" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போனபிறகு எழிலரசி தயங்கி நின்றாள்.

"அந்தச் சீட்டை நான் அன்னிக்கே பாத்தேன் மேடம். கொட்டும்போதே கண்ல பட்டுச்சு. நீங்க எடுத்து வெச்சதையும் பாத்தேன்."

"பாத்துட்டா யாருன்னு என்கிட்ட கேட்டே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நினைச்சேன். அதுக்கு மேல கேக்க பயமா இருந்துச்சு. நீங்க சீனியர். என்னைப் பத்தியும் ஏதாச்சும் தமாஷா சொல்லிட்டா, அப்புறம் ஸ்டாஃப் ரூம்ல உக்கார முடியாது."

தன் வாய்க்குப் பிள்ளைகள் மட்டும் பயப்படவில்லை என்பது சசிகலாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் இறைவணக்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பூர்ணிமாவிடம் மன்னிப்புக் கேட்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். என்ன பேசுவது என்று எழுதிக்கூட வைத்திருந்தார். எழிலரசிதான், "மொதல்ல அந்தப் பொண்ணைக் கேக்கலாம் மேடம்" என்று தடுத்து, அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். பூர்ணிமா சொன்ன பதிலை அப்படியே வந்து சொன்னாள்.

"எல்லார் முன்னாடியும் வேணாமாம். மறுபடி எல்லாரும் தன்னையே திரும்பிப் பாப்பாங்கன்னு சொல்றா. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதும் போர்டுக்குக் கூப்பிடும்போதும் தன் பேரைச் சொன்னா போதுமாம். அம்மாகிட்ட அவளே சொல்றாளாம்."

எழுதி வைத்த தாளைச் சசிகலா கிழித்துப் போட்டார். அந்த உரையை எழுதும்போது அழுகை வந்ததையும், அந்த அழுகையில் கொஞ்சம் சுகம் இருந்ததையும் நினைத்து முகம் எரிந்தது. எழிலரசி பக்கத்தில் இருக்க, ஆய்வகத்தில் பூர்ணிமாவிடம் மூன்று வாக்கியம் மட்டும் சொன்னார். "அந்தப் பேரை வெச்சது நான். வெச்சிருக்கக் கூடாது. உன் வூட்டுக்கு வந்தும் உண்மையைச் சொல்லாம போனேன், அதுவும் தப்பு." அந்தப் பெண் "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து மரகதம் வந்தாள். கம்பெனிச் சட்டையோடுதான் வந்திருந்தாள். சத்தம் போடுவாள் என்று சசிகலா எதிர்பார்த்தார். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பேர் வெச்சீங்க, சரி. நாங்க கறுப்பாத்தான் கீறோம், ஊர்ல எல்லாரும் சொல்றதுதான். ஆனா என் வூட்டுக்கு வந்து, நான் வாய்விட்டுக் கேட்டும், என் கையால டீ வாங்கிக் குடிச்சிட்டுப் போனீங்களே டீச்சர். காத்துக் கருப்புன்னு இன்னும் எத்தினி பேராண்ட இவளை இட்டுக்கினு அலைஞ்சிருப்பேன்."

சசிகலா எழுந்து நின்றிருந்தார். கையைக் கூப்பினார். மரகதம் அதைப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டாள். ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது.

சுப்பராயனிடமும் போக வேண்டியிருந்தது. காலையில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்து பிடித்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "என் பையன் பண்ணது தப்புதான் டீச்சர். அதுக்கு நான் கேட்டது கேட்டதுதான். உங்களுது உங்களோட" என்றார். பிறகு, "அவன் என்கிட்டகூட உங்க பேரைச் சொல்லலை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பள்ளியில் வேலைகள் ஒன்றொன்றாக நடந்தன. கழிவறைக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். இடைவேளையில் குழாயடியில் ஒரு ஆசிரியர் நின்றார். பெற்றோர் கூட்டத்தில் சீட்டுகளில் இருந்ததை, பெயர் இல்லாமல் வாசித்தார்கள். பட்டப்பெயர் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை என்று ஆசிரியர்கள் முதலில் கையெழுத்துப் போட்டு, அதற்கப்புறம்தான் பிள்ளைகளைப் போடச் சொன்னார்கள். சஞ்சய்க்குத் தண்டனை எதுவும் தரவில்லை. எழிலரசி அவனை உட்காரவைத்துப் பேசியதில், அவன் தானாகவே பூர்ணிமாவிடம் போய் ஏதோ சொன்னானாம். என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. கேட்டுக்கு வெளியே அந்தப் பெயர் இன்னும் கொஞ்ச நாள் கேட்டது. ஒரு தடவை ஆட்டோக்காரரே கூப்பிட்டு, வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினார்.

மார்கழி அமாவாசை அரையாண்டுத் தேர்வின் நடுவில் வந்தது. சசிகலா எட்டு மணிக்கே வந்து கேட்டருகில் நின்றார். ஒன்பதரை தாண்டியும் பூர்ணிமாவைக் காணவில்லை. மணி அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது, சுவாதியோடு வேக வேகமாக நடந்து வந்தாள். சுவாதி முன்னால் ஓடிப்போய்ப் பெஞ்சைப் பார்த்துவிட்டு வந்து தலையசைத்தாள். அதன் பிறகே பூர்ணிமா உள்ளே போனாள். சசிகலாவைத் தாண்டித்தான் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பு முன்போல இல்லை. சிரிக்கவைக்காமல் பாடம் நடத்துவது எப்படி என்று சசிகலாவுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்த ஒரு சொல்லை விழுங்கி, பேச்சு அறுந்து, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். பிள்ளைகள் தூங்கினார்கள். தூங்குகிறவனின் பக்கத்தில் போய் நின்று, ராத்திரி வீட்டில் யார் இருந்தார்கள், சாப்பிட்டாயா என்று கேட்கப் பழகினார். ஹேமந்த் ஒரு நாள், இப்போது தோள் உயரம் வளர்ந்துவிட்டவன், "டீச்சர், என் சீட்டும் இருந்துச்சா? நான் புள்ளின்னு கூப்பிடறதை எழுதியிருந்தேன்" என்றான். அப்படி ஒரு சீட்டு இருந்தது. அவர் அதை வேடிக்கையாக எழுதியது என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தார்.

ஏப்ரலில் பூர்ணிமா ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்றாள். அங்கே கணக்குக்கு வேறு ஆசிரியர். அதைக் கேட்டதும் சசிகலாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அடுத்த பல நாள் அவர் தலைகுனிந்து நடந்தார்.

பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று திருநாவுக்கரசிடம் கேட்டுப் பார்த்தார். அவர் எழிலரசியை இன்னொரு பொறுப்பாளராகப் போட்டாரே தவிர, இவரை விடவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் புதிதாக மூன்று பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். முதல் கூட்டத்தில் சசிகலா நடந்ததை முழுக்கச் சொன்னார். சீட்டை ஒளித்ததை, சுப்பராயனை, மரகதத்தின் வீட்டை, எதையும் விடவில்லை.

புதிதாக வந்த தமிழ் ஆசிரியர் தயங்கிக் கேட்டார். "அந்தப் பொண்ணு உங்களை மன்னிச்சிடுச்சா மேடம்?"

"தெரியாதுங்க. நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னிச்சியான்னு கேக்கலை. அதைக் கேட்டா, ஆமான்னு சொல்லித்தான் ஆவணும் அந்தப் பொண்ணு."

எழிலரசி நோட்டைத் திறந்து, இடைவேளையில் யார் எங்கே நிற்பது என்ற பட்டியலை வாசிக்க ஆரம்பித்தாள். குழாயடி மாரிமுத்துவுக்கு வந்தது. அடுத்தது பெண் பிள்ளைகளின் கழிவறைப் பக்கம், அந்த நாற்றத்தில் நிற்க யாரும் விரும்பாத இடம். "அதை என் பேருக்குப் போட்டுக்க" என்றார் சசிகலா.